பழைய முறையில் ஒரு புதிய இசைத்தட்டு

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், இசை இரண்டு அறைகளில் தனித்தனியே ஒலிக்கிறது. கூடத்தில் பெரியோர்கள் கச்சேரியையோ பழைய திரைப்பாடலையோ கேட்கிறார்கள். உள்ளறையில், பெரும்பாலும் சாத்திய கதவுக்குப் பின்னால், பிள்ளைகள் வேறொன்றைக் கேட்கிறார்கள். கதவைக் கடந்து வருவது இடைவிடாத டிரம் முழக்கமும், இரும்பை அரத்தால் அராவுவது போன்ற கித்தார் ஒலியும், சொற்கள் விளங்காத ஒரு கரகரத்த குரலும்தான். "இதுவும் ஓர் இசையா?" என்று பெரியோர் வினவுகின்றனர். "உங்களுக்குப் புரியாது" என்று இளையோர் விடை கூறுகின்றனர். உரையாடல் அவ்வளவில் முடிந்துவிடுகிறது.

அந்த இசையின் பெயர் ஹெவி மெட்டல். கனமான உலோகம் என்பது சொற்பொருள். இதனை இன்னதென்று அறிந்துகொள்ள, ஒரே ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயனுடையதாகும். அயல்நாட்டு இசைத்தட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் பெங்களூர் நகரத்திலிருந்தே அது கிடைக்கிறது. 'கிரிப்டாஸ்' என்னும் குழுவினர் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆஃப்டர்பர்னர்' என்பதே அவ்விசைத்தட்டு. இதனை வெளியிட்டது ஜெர்மனியைச் சேர்ந்த ஏ.எஃப்.எம். ரெக்கார்ட்ஸ் நிறுவனம். இத்தட்டின் தனித்தன்மை யாதெனில், இது தன் காலத்து இசையைப் பின்பற்ற முயலவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட முறையைத் தெரிந்தெடுத்து, அம்முறையிலேயே நிற்கிறது. அவ்வாறு நிற்பது மரபைப் போற்றுவதா, வெறும் போலியா என்பதே இங்கு நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

முதலில் இவ்விசை பிறந்த இடத்தைக் காண்போம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்பது தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். அங்கே 1965ஆம் ஆண்டில், உலோகத் தகடுகளை வெட்டும் ஆலையொன்றில் டோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர் வேலை செய்துவந்தார். கித்தார் வாசிப்பதையே வாழ்க்கையாகக் கொள்ள எண்ணி வேலையை விட்டு விலகவிருந்த நாளன்று, இயந்திரத்தில் சிக்கி அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளும் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலால் மெட்டுகளின் மீது தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கையே. இனி வாசிக்க இயலாது என்று மனமுடைந்திருந்த வேளையில், அவ்வாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கலைஞருடையது. தீ விபத்தில் கை கருகி, இரண்டு விரல்களின் பயனைப் பெரிதும் இழந்த பின்னரும் உலகம் புகழ வாசித்தவர் அவர்.

அயோமி புத்தூக்கம் பெற்றார். பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கி விரல்களுக்குத் தொப்பிகள் செய்து, அவற்றின் மேல் தோலை ஒட்டிக்கொண்டார். கனமான தந்திகளை அழுத்துவது வலித்ததால் மெல்லிய தந்திகளைக் கட்டினார். பிற்காலத்தில் தந்திகளின் சுருதியையும் தளர்த்திக் கீழிறக்கினார். அதனால் ஒலி கனத்தது, இருண்டது. அவரும் அவருடைய தோழர்களும் அமைத்த 'பிளாக் சபத்' என்னும் குழுவின் முதல் இசைத்தட்டு, ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பெற்று, 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்தது. ஹெவி மெட்டல் இசையின் தொடக்கம் அதுவே என்று பலரும் கொள்வர். ஆலையில் காயமுற்ற கையிலிருந்து பிறந்தது இவ்வொலி என்பதை நினைவிற் கொண்டால், அதில் ஏன் அத்துணை கனம் இருக்கிறதென்பது ஓரளவு விளங்கும்.

இனி, அந்த ஒலி எவ்வாறு உண்டாகிறதென்று பார்ப்போம். பழைய வால்வு வானொலிப் பெட்டியின் ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டினால், பாடகரின் குரல் உடைந்து கரகரக்கும்; நேயர்களில் முதியவர்கள் இதை அறிவர். மின்கித்தாரின் ஒலிபெருக்கியிலும் அதே நிகழ்ச்சிதான். தந்தியின் அதிர்வை அதன் கீழேயுள்ள காந்தச் சுருள் மின்னலையாக மாற்றுகிறது. பெருக்கியால் தாங்க இயலாத அளவுக்கு அவ்வலையைச் செலுத்தும்போது அதன் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையிலிருந்து மேல்ஸ்தாயி ஒலிகள் பல புதிதாகக் கிளம்புகின்றன. வானொலிப் பெட்டியில் குறையாகத் தோன்றுவது இங்கே வேண்டுமென்றே வரவழைக்கப்படும் குணமாகிறது.

இவ்வாறு தடித்த ஒலியில் மேனாட்டு இசையின் முழுச் சுரக்கூட்டுகளை வாசித்தால் அவை கலங்கிவிடும். ஆகவே இக்கலைஞர்கள் பெரும்பாலும் இரண்டே சுரங்களைச் சேர்த்து மீட்டுகிறார்கள். அவை ஸட்ஜமும் பஞ்சமமும். பழந்தமிழிசை குரல், இளி என்று பெயரிட்டு, நெருங்கிய நட்புடையவையாகக் கண்ட அதே இணைதான். தம்பூராவின் சுருதியில் ஊறிய செவிக்கு இது அந்நியமன்று. பாடல்களும் பெரும்பாலும் மேனாட்டார் மைனர் என்று வழங்கும் சுர வரிசையில் அமைந்தவை. நம் மேளகர்த்தா முறையில் அது நடபைரவியின் ஆரோகண அவரோகணத்தை ஒத்தது. கமகம் இல்லாமையால் ராகமாக ஒலிக்காதே தவிர, சுரங்கள் அவையே.

தாளத்தைச் சொல்வதற்கும் தமிழிலேயே ஒரு வழியுண்டு. வலக்கையின் விளிம்பைக் குதிரைக்கு அருகில் தந்திகளின் மேல் லேசாகப் பதித்துக்கொண்டு மீட்டினால், ஒலி நீளாமல் 'தும், தும்' என்று அடங்கி விழும். இம்முறையில் ஒரு நெடிய அடியும் இரண்டு குறிய அடிகளுமாக இடைவிடாது வாசிப்பது ஹெவி மெட்டலின் தலையாய நடைகளில் ஒன்று. 'நாடக, நாடக, நாடக' என்று விரைந்து சொல்லிப் பாருங்கள்; நெட்டெழுத்துக்கு இரண்டு மாத்திரை, குற்றெழுத்துக்கு ஒவ்வொன்றாக நான்கு மாத்திரை நிரம்பும். பாயும் குதிரையின் குளம்படியைப் போன்றது இந்நடை. இதன் மேல், பல்லவியைப் போலத் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு கித்தார்த் தொடர் அமைகிறது. அதனை 'ரிஃப்' என்பர். ஹெவி மெட்டல் பாடலுக்கு உயிர்நிலை பாடகரின் மெட்டன்று, இந்த ரிஃப்தான்.

மற்றொரு சிறப்பு இரட்டைக் கித்தார். பர்மிங்ஹாமை அடுத்த பகுதியிலிருந்து வந்த 'ஜூடாஸ் ப்ரீஸ்ட்' குழுவில் 1974ஆம் ஆண்டில் கிளென் டிப்டன் சேர்ந்தபோது, முன்பே அக்குழுவில் இருந்த கே. கே. டௌனிங்குடன் இரண்டாவது முதன்மைக் கித்தார் கலைஞராக அமைந்தார். நம் நாகசுர இணையினர் இருவரும் ஒரே சுரத்தை ஒன்றிணைந்து ஊதுவர். இவர்களோ ஒருவர் ஸட்ஜத்தில் நின்றால் மற்றவர் காந்தாரத்தில் நிற்பர். ஒருவர் ஏறினால் மற்றவரும் அதே இடைவெளியில் உடனேறுவர். லண்டனில் 1975ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய 'அயன் மெய்டன்' குழு இம்முறையை மேலும் வளர்த்தது. ஜெர்மனியில், கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஸோலிங்கன் நகரத்திலிருந்து 'அக்ஸெப்ட்' என்னும் குழுவும், ஹானோவரிலிருந்து 'ஸ்கார்ப்பியன்ஸ்' குழுவும் கிளம்பின. 1980ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் இம்முறை முழு வடிவம் பெற்றுவிட்டது.

பின்னர் காலம் மாறியது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த 'நிர்வாணா' குழுவின் இசைத்தட்டு ஒன்று உலகெங்கும் பரவியபோது, இளைஞரின் சுவை வேறு திசையில் திரும்பியது. ஹெவி மெட்டலுக்குள்ளும் மேலும் மேலும் விரைவானவையும் கடுமையானவையுமான கிளைகள் தோன்றின. பழைய முறை பழங்கதையாயிற்று என்றே பலரும் எண்ணினர். ஆனால் புத்தாயிரத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பழைய இசைத்தட்டுகள் வெளிவந்த காலத்தில் பிறந்திராத, அல்லது குழந்தைகளாயிருந்த இளைஞர்கள் அவற்றைத் தேடியெடுத்து, அதே முறையில் புதிய பாடல்களை இயற்றத் தொடங்கினர். ஸ்வீடனின் ஆர்விகா என்னும் சிற்றூரில் 2004ஆம் ஆண்டில் தோன்றிய 'என்ஃபோர்ஸர்' போன்ற குழுக்கள் இவ்வகையின. பெங்களூரின் கிரிப்டாஸ் இதே பாதைக்கு வேறொரு வழியாக வந்து சேர்ந்தது.

பெங்களூரில் ஏன் என்ற கேள்வி எழலாம். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே படைமுகாம் அமைத்தபோது, அதனுடன் தமிழ் மக்களும் பெருந்தொகையினராகச் சென்று குடியேறினர் என்பது அல்சூர், சிவாஜி நகர்ப் பகுதிகளில் வாழ்வோருக்குச் சொல்லாமலே தெரியும். 'தண்டு' என்று வழங்கிய அந்தப் பகுதியில் மேனாட்டு இசைக்கு நெடுங்காலமாகவே இடமிருந்தது. பிற்காலத்தில் ஒலிநாடாக்கள் வந்தன. ஒருவரிடமுள்ள நாடாவைப் பலர் படியெடுத்துக் கேட்கும் வழக்கம் பரவியது. 1993ஆம் ஆண்டில் அலகாபாத்திலிருந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்னும் இதழ் தோன்றி, நாட்டின் பல நகரங்களில் சிதறிக்கிடந்த இத்தகைய குழுக்களை ஒன்றையொன்று அறியச் செய்தது. 2007ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அயன் மெய்டன் குழுவே பெங்களூர் அரண்மனை மைதானத்திற்கு வந்து வாசித்தது. பல மாநிலங்களிலிருந்தும் இளைஞர் அங்கே திரண்டனர்.

கிரிப்டாஸ் குழு அந்நிகழ்ச்சிக்கு முன்னரே, 1998ஆம் ஆண்டில் தோன்றியது. 2004ஆம் ஆண்டில் 'ஸ்பைரல் அஸெண்ட்', 2008இல் 'தி ஆர்க் ஆஃப் ஜெமினி', 2012இல் 'தி காய்ல்ஸ் ஆஃப் அபோலியன்', 2016இல் 'பர்ன் அப் தி ஸ்கை' என்னும் தட்டுகள் வெளிவந்தன. 2013ஆம் ஆண்டில் வட ஜெர்மனியிலுள்ள வாக்கன் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் நடைபெறும் பெருவிழாவில் வாசிக்கும் பேறும் அவர்களுக்குக் கிட்டியது. இக்குழுவின் வளர்ச்சியில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தொடக்க காலப் பாடல்கள் பல திருப்பங்களும் சிக்கல்களும் நிறைந்தவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் எளிமையை நாடினர், வேண்டாதவற்றைக் கழித்தனர், மேலும் மேலும் பழைய முறையை நோக்கியே நடந்தனர். அவ்வழியில் அவர்கள் வந்தடைந்த ஐந்தாவது தட்டே ஆஃப்டர்பர்னர்.

இத்தட்டு முக்கால் மணி நேரத்தை எட்டாமல் முடிந்துவிடுகிறது. இதுவும் பழைய முறைக்கு இணங்கியதே. நீண்ட இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் செவ்வையாகப் பதிய இயலும் என்பதனால் முன்னோர் வகுத்துக்கொண்ட அளவு அது. இன்று அத்தகைய கட்டாயம் எதுவுமில்லை. ஆயினும் அவ்வளவுக்குள் நிற்பதனால் பாடல்கள் இறுக்கம் பெறுகின்றன. 'கோல்ட் பிளட்', 'டெட் ஆஃப் நைட்', 'ரெட் டான்', 'க்ரிம்ஸன் குவீன்', 'இன்டு தி விண்ட்' முதலான பாடல்களில் முன்னுரையாக நீளும் வெற்றோசை இல்லை. ரிஃப் முன்னே வருகிறது. அது நெஞ்சில் பதிந்த பின் மற்றவை வருகின்றன.

இத்தட்டின் முதற்சிறப்பு கித்தார்களே. நோலன் லூயிஸ், ரோஹித் சதுர்வேதி ஆகிய இருவரும் அவற்றை வாசிக்கின்றனர். விரைவில் அவர்கள் போட்டியிடுவதில்லை. நடுத்தர விரைவில், ஒவ்வோர் அடியும் தனித்துக் கேட்கும்படி அடக்கி வாசிக்கும் தன்மை ஜெர்மானியக் குழுக்களிடமிருந்து கற்றது. பாடலின் நடுவே இருவரும் இணைந்து ஒரு மெட்டை உயர்த்திச் செல்லும்போது, அயன் மெய்டனின் பிள்ளைகள் இவர்கள் என்பது விளங்கும். தனி வாசிப்பின்போதும் விரல் வித்தையைக் காட்டுவதில் அவர்கள் கருத்துச் செலுத்தவில்லை. முதன்முறை கேட்பவரும் பிறகு வாய்க்குள் முணுமுணுக்கத்தக்க மெட்டுகளையே வாசிக்கின்றனர். இது எளிதன்று. நிரவலில் அளவறிந்து நிற்கும் வித்துவானுக்கு வேண்டிய அடக்கமே இதற்கும் வேண்டும்.

இரண்டாவது சிறப்பு ஒலிப்பதிவின் தெளிவு. இக்காலத்துக் கடுமையான மெட்டல் பதிவுகள் பலவற்றில் எல்லாக் கருவிகளும் ஒருசேர உச்ச ஒலியில் முழங்கி, கேட்பவரைச் சுவரோடு அழுத்துவதைப் போலிருக்கும். இங்கே கருவிகளுக்கிடையே காற்று நுழைய இடமுண்டு. பாஸ் கித்தார் தனியே கேட்கிறது. டிரம் தாளத்தை உரைக்கிறதே தவிர, மற்றவற்றை விழுங்குவதில்லை.

குறைகளையும் கூறவேண்டும். முதலாவது குரல். ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்டும், அயன் மெய்டனின் புரூஸ் டிக்கின்ஸனும் மேல்ஸ்தாயியில் சிறகு விரித்துப் பாடுவோர். நோலன் லூயிஸ் பாடுவது தொண்டையிலிருந்து எழும் கரகரத்த குரலில். இது பழைய முறைக்கு உரியதன்று, பின்னர் வந்த கடுமையான கிளைகளுக்கு உரியது. இதில் ஒரு நயமுண்டு. மெட்டு முழுவதையும் கித்தார் தாங்க, குரல் தாள வாத்தியம் போலச் சொற்களை வெட்டிச் செல்கிறது. இக்குழுவைப் பழையோரின் நகல் என்று யாரும் கூறமுடியாதபடி காப்பதும் இக்குரலே. ஆனால் அதில் ஏற்ற இறக்கம் சிறிது. துயரத்தையும் வீரத்தையும் ஒரே நிறத்தில் உரைக்கிறது. மூன்று பாடல்கள் வரை வலிமையாகத் தோன்றுவது, தட்டின் பிற்பகுதியில் சோர்வு தருகிறது. குழுவிற்குத் தனி முகத்தைத் தருவதும், தட்டிற்குச் சலிப்பைத் தருவதும் ஒன்றாகவே அமைந்துவிட்டமை இரங்கத்தக்கது.

இரண்டாவது குறை பொருளைப் பற்றியது. ஆஃப்டர்பர்னர் என்பது போர்விமானத்தின் பொறியில் உள்ள ஓர் அமைப்பு. பொறியிலிருந்து வெளியேறும் வெப்பக் காற்றில் மேலும் எரிபொருளைத் தெளித்துப் பற்றவைத்து, சிறிது நேரத்திற்கு மிகுந்த உந்துவிசையைப் பெறுவது அதன் வேலை. இசைக்கு இது பொருத்தமான பெயரே. பெங்களூரோ 1940ஆம் ஆண்டிலிருந்து விமானத் தொழிற்சாலை இயங்கிவரும் நகரம். அத்தொழிற்சாலையின் சங்கொலியைக் கேட்டு எழுந்து வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல. ஆயினும் இத்தட்டு படைத்துக் காட்டுவது அந்நகரத்தையன்று. இரவு, குருதி, விரைவு, செவ்வானம், காற்று என்று பழைய இசைத்தட்டுகள் வகுத்துவைத்த ஒரு கற்பனை நாட்டையே. பிளாக் சபத் குழுவினர் 1970ஆம் ஆண்டில், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, போரை மூட்டுவோரைச் சாடிப் பாடினர். கனமான ஒலிக்கு அங்கே கனமான காரணம் இருந்தது. அத்தகைய காரணம் இங்கே எது என்று கேட்பது நியாயமே.

இவ்விடத்தில் இரண்டு வகையான வாதங்களைக் கேட்கிறோம். ஒரு சாரார், "இந்தியக் குழுவானால் சிதாரோ தபலாவோ சேர்க்கவேண்டாவா? அயலாரின் இசையை அயலார் வாசித்தபடியே வாசிப்பது அடிமை மனப்பான்மை அன்றோ?" என்பர். இதனை ஏற்பதற்கில்லை. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதனை முதலில் மேனாட்டு முறையிலேயே கற்றுக்கொண்டார். அந்தக் கல்வியே பின்னர் அதனை நம் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தது. ஆர்மோனியமோ நம் இசைக்கு ஒவ்வாதென்று 1940ஆம் ஆண்டு முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் விலக்கிவைக்கப்பட்டிருந்தது. அவ்விலக்கு நீடித்த காலமெல்லாம் பஜனைக் கூடங்களிலும் நாடக மேடைகளிலும் அது ஒலித்துக்கொண்டேயிருந்தது. ஒரு கருவியோ முறையோ எவருடையது என்பதை அது பிறந்த ஊர் தீர்மானிப்பதில்லை. அதற்காக யார் நாள்தோறும் உழைக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. பெயருக்காகத் தபலாவைச் சேர்த்திருந்தால் இத்தட்டு அயல்நாட்டாருக்கு ஒரு வேடிக்கைப் பொருளாயிருக்கும். அவ்வாறு செய்யாத இவர்களின் நேர்மை பாராட்டுக்குரியது.

மற்றொரு சாரார், "முன்னோர் செய்ததைத் திருப்பிச் செய்வதே போதும், புதுமை எதற்கு?" என்பர். இதுவும் ஏற்கத்தக்கதன்று. குருவின் பாடாந்தரத்தை மாணவன் முதலில் எழுத்துக்கு எழுத்துக் கற்கிறான். ஆனால் மேடையேறிய பின் அவனுடைய ராக ஆலாபனை அவனுடையதாகவே இருக்கவேண்டும். குருவின் ஆலாபனையை அப்படியே ஒப்பித்தால் அதை வித்துவத் தன்மை என்று நாம் கூறுவதில்லை. கிரிப்டாஸ் குழுவினர் பாடாந்தரத்தைக் குற்றமறக் கற்றவர்கள். கித்தார்த் தொடர்களை அமைக்கும்போது தமக்கென ஓர் ஆலாபனையையும் கண்டிருக்கிறார்கள். சொல்லிலும் பொருளிலும் அதை இன்னும் காணவில்லை. எனவே இத்தட்டினைப் போலி என்று ஒதுக்குவது அநீதி. நிறைவுற்ற படைப்பென்று புகழ்வது மிகை. இது மரபின் மெய்யான ஒரு கண்ணி. அதன் பின்னும் 2021இல் 'ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர்', 2024இல் 'டெஸிமேட்டர்' என்று அவர்கள் தொடர்ந்து படைத்துவருவதிலிருந்து, அக்கண்ணி அறுந்துபோகவில்லை என்பது தெளிவு.

இந்தக் கேள்வி பெங்களூரின் ஒரு கித்தார்க் குழுவுக்கு மட்டும் உரியதன்று. தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர்கள் ஆண்டுதோறும் இசைவிழாக்கள் நடத்துகிறோம். பிள்ளைகளுக்குப் பாட்டும் பரதமும் பயிற்றுவிக்கிறோம். பிறந்த மண்ணிலிருந்து தொலைவில் ஒரு பழைய முறையைக் காப்பவர்கள் நாமும்தான். பர்மிங்ஹாமின் இசையைப் பெங்களூரில் பேணுவோரை நோக்கி நாம் எழுப்பும் வினா நம்மையும் நோக்கித் திரும்புகிறது. நாம் கற்பிப்பது மனப்பாடமா, அல்லது அப்பிள்ளைகள் வாழும் ஊரின் வாழ்வையும் ஏற்றுக்கொள்ளக்கூடிய கலையா? உள்ளறையில் கித்தாரைக் கேட்கும் பிள்ளை பழமையை வெறுக்கிறான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவன் தேர்ந்தெடுத்திருப்பதும் ஒரு பழமையே. அதில் குருமார்கள் உண்டு, வழிகள் உண்டு, இன்னாருடைய நடை இன்னது என்று பிரித்தறியும் ரசிகர் கூட்டமும் உண்டு. தியாகராஜரின் ஒரு கீர்த்தனையை எந்தப் பாடாந்தரத்தில் பாடுவது என்று பெரியோர் வாதிடுவது போலவே, ஒரு ரிஃப் எந்தக் குழுவின் வழியில் வந்ததென்று அவர்களும் வாதிடுகிறார்கள்.

இவ்விசையைக் கேட்க விரும்பும் பெரியோருக்கு ஒரு சிறு யோசனை. குரலை முதலில் பின்தொடர வேண்டா. அது மனத்தைத் தடுத்துவிடும். இரண்டு கித்தார்களில் ஒன்றை மட்டும் செவியால் பற்றிக்கொள்ளுங்கள். அது திரும்பத் திரும்ப வரும் இடத்தைப் பல்லவியாகக் கொள்ளுங்கள். விரலால் தாளம் போடுங்கள். பெரும்பாலும் நான்கு அடிகளுக்குள் அடங்கும். நடுவில் இரண்டாவது கித்தார் வந்து சேர்ந்து, இரண்டும் இணைந்து மேலேறும் இடம் வரும். அதுவரை பொறுத்திருந்தால், இரைச்சலென்று எண்ணியதற்குள் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். பிடிக்காமற்போனாலும் குற்றமில்லை. இன்ன காரணத்தால் பிடிக்கவில்லை என்று பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல முடியும். குரலில் ஏற்ற இறக்கம் போதவில்லை என்று சொன்னால் அவர்களும் மறுக்கமாட்டார்கள். பிறகு நடபைரவியில் அமைந்த ஒரு கீர்த்தனையை அவர்களைக் கேட்கச் செய்து, இரண்டிலும் உள்ள சுரங்களை ஒப்பிட்டுக் காட்டலாம். கூடத்திற்கும் உள்ளறைக்கும் இடையே பேச்சுத் தொடங்க அதுவே போதுமானது.